பூந்தமல்லியை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

கீழ்ப்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வீடு பூந்தமல்லி, அலுவலகம் பூந்தமல்லி நெடுஞ்சாலை. காலையிலிருந்து மாலைவரை இந்த ஒரு பெயரை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் நான். அண்மையில் அக்காள் மகள் எங்கள் தெருவுக்கே குடிவந்தாள். டெல்லிக்காரர்களோடு போனில் பேசும் வேலை. "சித்தி, முகவரி சொன்னால் ஒருவருக்கும் புரியவில்லை" என்றாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

தமிழில் பூந்தமல்லி. பஸ்ஸின் நெற்றியில் பூவிருந்தவல்லி. ஆங்கிலத்துக்குப் போகும்போது நடுவில் இருக்கும் 'த' உதிர்ந்துவிடுகிறது. எனவே வெளியூர்க்காரரிடம் ஆங்கிலத்தில் பேசும்போது பூனமல்லி என்றே சொல்லுங்கள். அவர் எழுத்தில் பார்க்கப்போவது அதைத்தான். ஊரின் நல்ல பெயரைச் சிதைக்கிறோமே என்று எனக்கும் முதலில் உறுத்தியது. பார்சல் வந்து சேர வேண்டுமே!

'பூ' நெடில், 'ன' குறில். 'மல்லி'யைக் கொத்தமல்லியில் சொல்வதுபோலச் சொன்னால் போதும். எழுத்தில் கடைசியில் இரண்டு 'ஈ' வருகிறது என்பதற்காக 'மல்லீ' என்று இழுக்கத் தேவையில்லை.

அந்த 'ன'வில்தான் கவனம் வேண்டும். தெளிவாகச் சொல்கிறோம் என்று நினைத்து நிறுத்தி நிறுத்தி 'பூனா... மல்லி' என்றால் எதிர்முனையில் இருப்பவர் பாதியிலேயே எழுதத் தொடங்கிவிடுவார். புனேயின் பழைய பெயர் பூனா அல்லவா? ஒருமுறை வடக்கே ஒரு கடையில் போனில் புடவை சொல்லிவைத்தேன். அது புனேவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினோராம் நாள் வந்தது. தீபாவளி முடிந்திருந்தது. அன்றிலிருந்து சென்னை என்பதையும் 600056 என்ற பின்கோடையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் ஊர்ப்பெயருக்கே வருவேன்.

எழுத்துக்கூட்டும்போது பதினோரு எழுத்துகள். பி, இரண்டு ஓ, என், ஏ, எம், ஏ, இரண்டு எல், இரண்டு ஈ. ஓ, எல், ஈ மூன்றும் ஜோடி. என், எம் இரண்டும் ஒற்றை. இதை மனத்தில் வைத்தால் தடுமாற மாட்டீர்கள். போனில் 'என்'னும் 'எம்'மும் ஒன்றுபோலவே கேட்கும். பாட்னாவின் பி, நாக்பூரின் என், மதுரையின் எம் என்று ஊர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை 'பூமனல்லி' என்ற பெயரில் திருமண அழைப்பிதழே வந்திருக்கிறது.

ஊரையும் சாலையையும் கலக்காதீர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை சென்ட்ரல் பக்கத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. கீழ்ப்பாக்கம், அமைந்தகரை, கோயம்பேடு எல்லாம் தாண்டித்தான் ஊர் வரும். எங்கள் அலுவலகத்துக்கு வரவேண்டிய ஒரு பெரியவர் 'பூனமல்லி' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஊருக்கே போய் இறங்கி, பஸ் நிலையத்திலிருந்து என்னைத் திட்டினார். சாலையைச் சொல்வதானால் பி.ஹெச். ரோடு என்றோ ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்றோ சொல்லி, பகுதியின் பெயரையும் உடனே சேருங்கள். ஊரைச் சொல்வதானால் 'ரோடு' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது.

தமிழ் ஒலிக்கு ஏற்ப ஆங்கில எழுத்தையே மாற்றிவிடலாமே என்று மருமகன் கேட்டார். 2020 ஜூனில் அரசே 1,018 ஊர்ப்பெயர்களை அப்படி மாற்றிப் பார்த்தது. வேலூர் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆனதும் ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, காஸ் இணைப்பு எல்லாவற்றிலும் பழைய எழுத்து இருக்கும்போது நாமாக ஒரு 'த'வை நுழைத்தால், பிறகு பெயர்த் திருத்தத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கனடாவில் ரிடோ கால்வாயில் ஒரு மதகுக்கு நம் ஊரின் பெயர்தான் என்கிறார்கள். அங்கே ஒற்றை எல் போட்டுக் கடைசியில் ஐ, ஈ என்று முடிக்கிறார்கள். இணையத்தில் தேடும்போது அது வந்து நின்றால் பயப்படாதீர்கள். 'எல்' எழுத்து எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், இரண்டு இருந்தால் நம்முடையது.