சொந்தமாக ஒரு இணையதளம்: எங்கெங்கே சறுக்குகிறோம்?

நாணயம் சேர்ப்பவர், ஞாயிறு காலையில் பைனாகுலரோடு ஏரிக்கரைக்குப் போகிறவர், நடுநடுவே கவிதையும் எழுதுகிறவர். இப்படி ஒருவர் இணையதளம் தொடங்கப் போகிறேன் என்றால் முதலில் கிடைக்கும் அறிவுரை, “ஏதாவது ஒரு தலைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூகுளில் மேலே வராது” என்பதுதான். விளம்பர வருமானத்துக்காக நடத்துகிறவருக்கு அது சரி. ஆசைக்காக நடத்துகிறவர் அதைக் கேட்டுக்கொண்டு மூன்று டொமைன் (தளத்தின் பெயர் முகவரி) வாங்கினால், சீக்கிரமே மூன்றிலும் தூசி படிந்துவிடும். ஒரே தளம் போதும், உங்கள் பெயரில், எல்லாம் கலந்து. பறவைக்காக வந்தவர் நாணயத்தையும் எட்டிப் பார்ப்பார். பார்க்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

முகப்பில் பன்னிரண்டு பிரிவுகளைத் திறந்து, ஒன்பதில் “விரைவில்” என்று எழுதி வைப்பதும் இதே வகைதான். தேதி வரிசையில் ஒரே பட்டியல் போடுங்கள். ஒரு விஷயத்தில் ஐந்தாறு பதிவுகள் சேர்ந்த பிறகு அதற்குத் தனிப் பிரிவு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எழுதுவதற்கு முன்பே தளத்தின் தோற்றத்துக்குத் தீம் தேட ஆரம்பிப்பது. தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் மோசமில்லை, உலகத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. அதனாலேயே ஹேக்கர்களும் அதைக் குறிவைக்கிறார்கள். படம் நகர ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்), பகிர்வுப் பொத்தானுக்கு ஒரு பிளகின் என்று இருபது போட்டுவிட்டு அப்டேட் செய்யாமல் விட்டால், ஒருநாள் உங்கள் கவிதையைத் திறப்பவர் சூதாட்டத் தளத்தில் போய் நிற்பார். மாதம் இரண்டு பதிவு போடுகிறவருக்கு உலாவி நேரடியாகப் படிக்கும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களே தாராளம். டேட்டாபேஸ் இல்லை, லாகின் இல்லை, உடைக்கவும் அதிகம் இல்லை. கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் போன்றவை இலவசமாகவே இடம் தருகின்றன. 1991-ல் செர்ன் ஆய்வகத்தில், வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய மாதிரியான எளிய பக்கம், இன்றைய போன் உலாவியிலும் சிக்கலில்லாமல் திறக்கிறது.

டொமைன் விஷயத்துக்கு வருவோம். கைப்பொருள் போவது இங்கேதான். தளம் அமைத்துக் கொடுத்தவரே தன் கணக்கில் டொமைனையும் வாங்கிக் கொடுப்பது நம்மூரில் சாதாரணம். அவர் தொழிலை மாற்றிக்கொண்டாலோ போனை எடுக்காமல் போனாலோ, உங்கள் பெயர் கொண்ட முகவரி உங்கள் கையில் இல்லை. டொமைன் உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சலும் நீங்கள் தினம் பார்ப்பதாக இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்து வாங்கியவர், வேலை மாறியதும் புதுப்பிக்கச் சொல்லும் கடிதத்தைப் பார்க்கவே போவதில்லை. அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலைக் கொடுப்பது அதைவிட வேடிக்கை. டொமைன் போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும் வழியும் சேர்ந்தே போய்விடும்.

முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 99 ரூபாய்க்குக் கிடைத்தது, இரண்டாம் ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டலாம். வாங்கும்போதே புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். டாட் காம் காலாவதியானால் உடனே பறிபோய்விடாது. சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க, டொமைன் விற்கும் நிறுவனங்கள் சில வாரங்கள் அவகாசம் தருவதுண்டு. அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதன் பிறகு நீக்கத்துக்குக் காத்திருக்கும் ஐந்து நாள், பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இப்படி விழும் பழைய முகவரிகளைக் கொத்திக்கொண்டு போவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரைக்கு மற்றவர்கள் கொடுத்த லிங்க் எல்லாம் அன்றிலிருந்து அவர்களுக்குச் சேவகம் செய்யும்.

தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று ஒவ்வொரு பதிவின் முகவரியையும் மாற்றுவதால் வரும் இழப்பும் கிட்டத்தட்ட இதேதான். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள். முகவரியைத் தமிழிலேயே வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒன்பது எழுத்துகளாக விரியக்கூடும். “கட்டுரை” என்ற ஒரு சொல்லே, புள்ளியும் துணைக்குறிகளும் சேர்த்து ஏழு குறியீடு என்பதால், 63 எழுத்து. பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடாமல் விடுவார். ரோமன் எழுத்தில் சின்னதாக ஒரு முகவரி போதும். தலைப்பு எப்படியும் தமிழில்தானே இருக்கிறது.

எழுத்தைப் படமாக்கிப் போடுவது இன்னும் ஓயவில்லை. பூப்படத்தின் மேல் கவிதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அழகு. தளத்தில் அது தேடலில் சிக்காது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்குக் கேட்காது. சிற்றிதழுக்காக பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகளை, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியே ஏற்ற வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு கண் தேவை: “ஔவை” என்பது “ஒ”, “ள” என்று இரண்டு எழுத்தாக விழுந்திருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. “கௌ”வுக்கும் இதே கதை. இன்னொன்று, பத்திகளை இரு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்யாதீர்கள். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் பிடிக்கும். நடுவில் பல் விழுந்த மாதிரி ஓட்டைகள் நிற்கும்.

படங்கள். இந்தக் கட்டுரை அளவுள்ள தமிழ் எழுத்து 20 கேபி சொச்சம் வரும். போனில் எடுத்த ஒரே படம் சாதாரணமாக 4 எம்பி. அதை அப்படியே ஏற்றினால் இருநூறு கட்டுரைகளின் சுமை ஒரு மீன்கொத்திப் படத்துக்கு. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் 200 கேபி அளவில் முடியும். இதைவிட முக்கியம் படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவல். கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்பிலேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தளத்தில் நேரடியாக ஏற்றினால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வீட்டு மேசையில் வைத்து எடுத்த வெள்ளி நாணயங்களின் படம், அவை எந்த வீட்டில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும். பறவைக் கூட்டைப் படம் எடுத்தவர் அந்த மரத்துக்கே வழி காட்டுகிறார். ஏற்றுவதற்கு முன் அந்தத் தகவலை நீக்குங்கள்.

வருகைக் கணக்கைத் தினமும் பார்ப்பது, எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுப் பதிவு போடுவது இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விட்டுவிடலாம்.

இலவச இடம் நிரந்தரம் என்று நம்புவது கடைசித் தவறு. 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை 1999-ல் யாகூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. லட்சக்கணக்கானவர்களின் பக்கங்களில் ஒரு பகுதியை ஆர்வலர்கள் நகலெடுத்துக் காப்பாற்றினார்கள். மற்றவை போயே போய்விட்டன. ஆகவே எங்கே எழுதினாலும் பேக்கப் உங்கள் கணினியிலும் இருக்கட்டும். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் வரும் கோப்பில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரைத் தனியாக இறக்கி, பேக்கப் வைத்த அதே டிரைவில் சேர்த்து வைக்க வேண்டும்.