ஓட்டுக் கூரையைப் பிரித்து மேய்வதற்கு முன் வீட்டுக்காரர் அறிய வேண்டியவை

சீமை ஓடு வேய்ந்த வீட்டின் கூரையை மாற்றுவதென்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான். நேர்மையான தச்சர் யாரும் அதற்கு உடனடியாக ஒரே தொகையைச் சொல்லிவிட மாட்டார். ஓடு உட்காரும் மெல்லிய மரச் சட்டமான ரீப்பரும், அதை அடியில் தாங்கும் சாய்வு மரமான கைமரமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது ஓடுகளைக் கழற்றிய பிறகே முழுமையாகத் தெரியவரும். ஆகவே பணத்தையும் நாட்களையும் ஒப்பந்தத்தையும் அந்தப் பிரிக்கும் நாளை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும். வேலை நடுவில் வீட்டுக்காரருக்கும் தச்சருக்கும் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை இதைச் செய்யாததால் வருபவை.

தமிழகத்தின் பெரும்பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், தை பிறந்த பிறகு பங்குனி முடிவதற்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் ஜூனில் தென்மேற்கு மழையும் வந்துவிடுமாதலால் அங்கே தள்ளிப்போட இடமே இல்லை. எல்லோரும் இதே மாதங்களைத்தான் கேட்பார்கள் என்பதால், தச்சரிடம் மழைக்காலத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும்.

கூலியும் ஓடும் சதுரக் கணக்கில் பேசப்படும். ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. இங்கே பலர் தரைப் பரப்பை வைத்துக் கணக்கிட்டு ஏமாறுகிறார்கள். கூரை 30 டிகிரி சாய்வில் இருந்தால் அதன் பரப்பு தரைப் பரப்பைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாக இருக்கும். சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தையும் அதனுடன் சேர்க்க வேண்டும். சதுரத்துக்கு ஏறத்தாழ 140 முதல் 150 ஓடுகள் தேவைப்படும். ஒப்பந்தத்தை ஒரே தொகையாகப் பேசாமல், பிரிக்கும் கூலி, மேயும் கூலி, ரீப்பர் அடிக்கு என்ன விலை, மாற்ற வேண்டிய கைமரம் ஒன்றுக்கு என்ன விலை, பழைய மரமும் உடைசலும் யாருக்கு என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மரத்துக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

பிரிப்பதற்கு முன்பே ஓரளவு ஊகிக்க வழி உண்டு. கைமரம் முதலில் கெடுவது சுவருக்குள் பதிந்திருக்கும் முனையில்தான். சுவரின் ஈரமும் கரையானும் அங்கிருந்தே ஏறுகின்றன. ஏணி போட்டு ஏறி, ஒரு ஸ்குரூ டிரைவரால் அந்த முனையை அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கும் பனையிலிருந்து அறுத்த முற்றிய பனங்கையும் இடம் கொடுக்காது. கருவி எளிதாக உள்ளே இறங்கினாலோ, தட்டும்போது பொக்கென்று ஒலித்தாலோ, வெளியே வழவழப்பாகத் தெரியும் அந்த மரத்தின் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள்.

பிரிக்கும் நாளில் வீட்டுக்குள் யாரும் குடியிருக்க முடியாது. பல்லாண்டுக் கரியும் ஒட்டடையும் அணில் கூடும் மொத்தமாகத் தரையில் விழும். பாத்திரம் பண்டங்களை அப்புறப்படுத்தி, நகர்த்த முடியாத பீரோவையும் கட்டிலையும் போர்த்தி வையுங்கள். கைமரத்தோடு ஓடும் மின்கம்பிகளை எலக்ட்ரீஷியன் முன்னதாகவே கழற்றிவிட வேண்டும். மழைக்காலம் இல்லையென்றாலும் தார்ப்பாய் கையில் இருக்கட்டும். அன்று மாலைக்குள் மூட முடியாத அளவுக்கு ஒருபோதும் பிரிக்க விடாதீர்கள். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதால், நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்கச் சொல்லுங்கள்.

ஓடு இறங்கியதும் தச்சரோடு நின்று ஒவ்வொரு கைமரத்தையும் நீங்களே பாருங்கள். மாற்ற வேண்டியவற்றில் சுண்ணாம்பால் குறியிட்டு எண்ணிக்கொண்டால் பிறகு பேச்சுக்கு இடமிருக்காது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தகரம் போடலாம், அல்லது கான்கிரீட் தளம் ஊற்றலாம் என்ற யோசனை பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வரும். மண்சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு மேல், பொறியாளர் ஒருவர் பார்க்காமல் கான்கிரீட் ஊற்றுவது பேராபத்து. ஓட்டைவிடத் தளத்தின் எடை பல மடங்கு. தகரம் இலேசானது, விலையும் குறைவு, ஆனால் பங்குனி வெயிலில் அதன் அடியில் பகலில் இருக்க முடியாது. பழைய மரத்தில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் ஓட்டையே மீண்டும் மேய்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. இன்று கடையில் கிடைக்கும் நாட்டு மரம் அந்தப் பழைய தேக்குக்கு ஈடாகாது.

1865இல் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறித்தவ அமைப்பினர் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து இந்தச் சீமை ஓட்டைப் பல கம்பெனிகள் செய்துவந்திருக்கின்றன. ஓட்டின் அடிப்புறத்தைத் திருப்பினால் கம்பெனியின் பெயர் பதிந்திருக்கும். ஒவ்வொரு அச்சிலும் விளிம்புப் பள்ளம் சற்றே வேறுபடுவதால், ஒரு கம்பெனி ஓட்டின் மேல் மற்றொன்று சரியாகக் கவ்வாது. ஒழுகல் பலவற்றுக்கு இதுவே காரணம். எனவே பழைய ஓடுகளைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பவற்றைப் பெயர்வாரியாகப் பிரித்து, பழையதை ஒரு சரிவிலும் புதியதை மறு சரிவிலும் போடச் சொல்லுங்கள். ரீப்பரின் இடைவெளியை, மேயப்போகும் ஓட்டையே வைத்துப் பார்த்து அடிக்க வேண்டும்.

இறவார வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுவதைச் சில தச்சர்கள் வீண் வேலை என்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த டெல்டாப் பகுதியில் கூரையை இழந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காற்று ஓரத்தில் புகுந்துதான் ஓட்டைத் தூக்குகிறது. இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலையில் போடும் தகடு அகலமாகவும் ஒட்டுப்போடாததாகவும் இருக்க வேண்டும். முகட்டு ஓட்டுக்கு வைத்த சாந்தைச் சில நாட்கள் நனைத்துவர வேண்டும். இல்லையெனில் முதல் கோடையிலேயே வெடித்துவிடும்.

வேலை முடிந்ததென்று தச்சர் சொன்னதும், முகட்டிலிருந்து குழாயால் வெகுநேரம் தண்ணீர் விட்டு, உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். கூலியில் ஒரு பங்கை முதல் நல்ல மழை வரை நிறுத்திவைப்பதாகத் தொடக்கத்திலேயே பேசியிருந்தால் யாருக்கும் வருத்தம் இராது. போட்ட அதே கம்பெனி ஓட்டில் ஐம்பதைக் கூடுதலாக வாங்கிக் கொல்லையில் செங்குத்தாக அடுக்கி வையுங்கள். தேங்காய் விழுந்து உடையும் ஓட்டுக்கு அதே அச்சில் மாற்று ஓடு பிறகு கிடைப்பது அரிது.