பிஜிஎம் (படத்தோட பின்னணி இசை) பத்தி போஸ்ட் போடுறவங்க திரும்பத் திரும்ப சறுக்குற இடங்கள்

வெள்ளிக்கிழமை காலை ஷோ முடிஞ்சு ஜனம் வெளிய வர்றதுக்குள்ள "கதை ஓகே, பிஜிஎம் வேற லெவல்"னு ஒரு போஸ்ட் வந்துடுது, சாயங்காலம் அதே படத்துக்கு "பிஜிஎம் ஒரே தலைவலி"ன்னு இன்னொண்ணு வருது. ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆனா எதைக் கேட்டுட்டு சொல்றாங்கன்னு அவங்களுக்கே சரியா தெரியல. புதுசா எழுத வர்ற பசங்களைப் பாக்குறப்போ எங்க செட்டு ஆரம்பத்துல அடிச்ச கூத்தெல்லாம் 4கே-ல ரீ-ரிலீஸ் ஆகுற மாதிரியே இருக்கு. க்ளைமாக்ஸை உடைக்காதே, இசையமைப்பாளர் பேரை மாத்திப் போடாதே, இந்த மாதிரி விஷயமெல்லாம் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, அதை விட்டுடுறேன்.

ஆல்பத்தைக் கேட்டுட்டு படத்துக்கு மார்க் போடுறது

பாட்டு வந்தவுடனே "இந்தப் படத்துக்கு மியூசிக் தான் ஹீரோ"ன்னு எழுதிடுறாங்க. பாட்டு நல்லாருந்தா பாட்டு நல்லாருக்குன்னு எழுதுங்க, யாரும் கேக்கப் போறதில்ல. படத்துல அது எந்த இடத்துல வரும், முழுசா வருமா, வருமாங்கறதே அப்போ யாருக்கும் தெரியாது. 2025 ஜூன்ல வந்த தக் லைஃப் ஞாபகம் இருக்கும். ஆல்பத்துல 'முத்த மழை'யைப் பாடினது பாடகி தீ, ஆடியோ விழா மேடையில சின்மயி பாட அது ஊரெல்லாம் சுத்துச்சு, எந்த வெர்ஷன் பெஸ்ட்னு தெருச்சண்டை கணக்கா நடந்துச்சு, கடைசில படம் வந்தா தியேட்டர்ல அந்தப் பாட்டே இல்ல. "அந்தப் பாட்டு சீனுக்காகவே படம் பாக்கலாம்"னு முன்னாடியே எழுதி வெச்சவங்க அப்புறம் சத்தமில்லாம டெலீட் பண்ணிட்டுப் போனாங்க.

"சத்தம் தாங்கல, மியூசிக் டைரக்டர் ஒழிக"

இதுதான் எனக்கு இன்னும் பிபி ஏத்துற விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே பேசிடுறேன்.

தியேட்டர்ல நம்ம காதுக்கு வர்றது மூணு சமாச்சாரம்: வசனம், எஃபெக்ட்ஸ், மியூசிக். இசையமைப்பாளர் தன்னோட பங்கை முடிச்சு ஸ்ட்ரிங்ஸ் தனி, டிரம்ஸ் தனி, கோரஸ் தனின்னு பிரிச்சு ட்ராக்கா குடுத்துடுவார். அதுக்கப்புறம் மிக்ஸிங் தியேட்டர்ல சவுண்ட் மிக்ஸர் உக்காந்து, வசனம் வர்றப்போ மியூசிக் எவ்ளோ அடங்கணும், கார் வெடிக்கிறப்போ எது முன்னாடி நிக்கணும்னு ஒவ்வொரு சீனா பேலன்ஸ் பண்ணுவார், பக்கத்துலயே டைரக்டர் இருப்பார், சில நேரம் தயாரிப்பாளரும் இருப்பார். ஆக எவ்ளோ சத்தம்ங்கற முடிவு அந்த ரூம்ல எடுக்கறது. சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு காய்கறி வாங்கிட்டு வந்தவரைப் போட்டு சாத்துற வேலையைத்தான் நம்ம ஆளுங்க பண்ணிட்டிருக்காங்க. ரெண்டும் வேற வேற வேலைன்னு நம்பலைன்னா 2009 ஆஸ்கரைப் பாருங்க, ஸ்லம்டாக் மில்லியனர்ங்கற ஒரே படத்துக்கு இசைக்கு ரஹ்மானுக்கும் சவுண்ட் மிக்ஸிங்குக்கு ரசூல் பூக்குட்டி உள்ளிட்ட மூணு பேருக்கும் தனித்தனியாத்தான் குடுத்தாங்க.

2024 நவம்பர் 14 கங்குவா ரிலீஸ் அன்னிக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். முதல் காட்சியிலேயே "காது கிழியுது"ன்னு ஆரம்பிச்சது, பாதி போஸ்ட்ல இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத் பேர்தான் அடிபட்டுச்சு. தயாரிப்பாளரே வெளிப்படையா தியேட்டர்காரங்களை வால்யூமை ரெண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்லிட்டேன்னார். ரசூல் பூக்குட்டி மனசு கஷ்டப்பட்டு ஒரு பதிவு போட்டார், யாரைக் குறை சொல்றது, சவுண்ட்காரரையா இல்ல கடைசி நிமிஷத்துல நடக்குற எண்ணற்ற திருத்தங்களையாங்கற அர்த்தத்துல. அதைப் படிச்சும் மறுநாள் "மியூசிக் டைரக்டருக்குக் காது கேக்குமா"ன்னு மீம் போட்டுட்டுதான் இருந்தாங்க.

அந்தக் கடைசி நிமிஷத் திருத்தம்னா என்னன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் மிக்ஸிங்ல அசிஸ்டென்ட்டா இருக்கான், அவன் சொல்றதைக் கேட்டா பாவமா இருக்கும். ரிலீஸ் தேதி முன்னாடியே அறிவிச்சாச்சு, சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) லேட்டு, எடிட் மாறிட்டே இருக்கு, முதல் ரீலை இங்க மிக்ஸ் பண்ணிட்டிருக்கும்போது கடைசி ரீலுக்கு அங்க இன்னும் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை சேர்க்குற வேலை, போயிட்டிருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபைல் வரும், காலையில ஃபைனல் பண்ணி அனுப்பியாகணும். பெரிய வால்யூம்ல மணிக்கணக்கா கேட்டா காது மந்தமாயிடும், எல்லாமே கம்மியா இருக்கற மாதிரியே தோணும். அந்த நேரம் பாத்து பின்னாடி சோஃபாவுல இருந்து "அண்ணே, என்ட்ரி சீன்ல இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணே, ஃபேன்ஸுக்குப் பத்தாது"ன்னு ஒரு குரல் வரும். ஏத்துவாங்க. மியூசிக் ஏறினா எஃபெக்ட்ஸ் அமுங்கும், அதையும் ஏத்துவாங்க, அப்புறம் வசனம் கேக்கலம்பாங்க, அதையும் ஏத்துவாங்க. அப்புறம் எதைத்தான் இறக்குறது?

இதோட முடியல. தியேட்டர்ல சவுண்ட் ப்ராசஸர்ல வால்யூமுக்கு ஒரு நம்பர் இருக்கும், மிக்ஸிங் ரூமும் தியேட்டரும் ஒரே மாதிரி கேக்கணும்னா அது 7-ல இருக்கணும்ங்கறது ஸ்டாண்டர்டு, ஒரு சேனலுக்கு 85 டெசிபல்னு வெச்சு அளந்து செட் பண்ற அளவு அது. நிஜத்துல நிறைய தியேட்டர்ல 5-ல, இன்னும் கீழ கூட ஓடும், ஏன்னா முன்னாடி வந்த ஏதோ ஒரு படம் அலறி, ஜனம் கம்ப்ளைன்ட் பண்ணி, ஆபரேட்டர் குறைச்சு வெச்சது அப்படியே நிக்கும். ஒரு நம்பருக்குக் கிட்டத்தட்ட மூணேகால் டெசிபல், ரெண்டு நம்பர் இறக்கினா ஆறரைக்கும் மேல போயிடும், அது சின்ன வித்தியாசம் இல்ல. தியேட்டர்ல குறைச்சுத்தான் வெப்பாங்கன்னு அடுத்த படத்துக்காரங்களுக்குத் தெரியும், அதனால அவங்க மிக்ஸ்லயே தூக்கி வெச்சு அனுப்புவாங்க, தியேட்டர்காரர் இன்னும் குறைப்பார். இந்தச் சக்கரத்துல நடுவுல மாட்டி நசுங்குறது நிதானமா அளவா மிக்ஸ் பண்ண சின்னப் படம்தான், அது 5-ல ஓடினா பாதி வசனம் முணுமுணுப்பாதான் கேக்கும்.

இன்னொண்ணு, வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாடி இருக்கற நடு ஸ்பீக்கர்லருந்து வரும், மியூசிக் ரெண்டு பக்கமும் சுத்தியும் பரவியிருக்கும். நடு ஸ்பீக்கர் வீக்கா இருந்தா எந்தப் படமா இருந்தாலும் மியூசிக் வசனத்தை முழுங்கற மாதிரிதான் கேக்கும். எங்க பக்கத்து தியேட்டர் ஒண்ணுல ஒரு படம் பாத்துட்டு ஒரு வார்த்தை புரியாம இடைவேளையில ஆபரேட்டர்கிட்ட போய்க் கேட்டா, மனுஷன் டீயை உறிஞ்சிட்டே "நடு ஸ்பீக்கர் கொஞ்ச நாளா அப்படித்தான் சார் இருக்கு, ஆளு வரணும்"னார். அதே படத்தை வேற தியேட்டர்ல பாத்தேன், வசனம் கண்ணாடி மாதிரி. முதல் தியேட்டர்ல பாத்த கூட்டம் அன்னிக்கு ராத்திரி இசையமைப்பாளரைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருந்துச்சு.

இதெல்லாம் சும்மா ரசிகர் சண்டைதானேன்னு விட முடியல, ஏன்னா இதுக்கு விலை குடுக்கறது ஒரு ஆள். பெரிய இசையமைப்பாளர் தாங்கிடுவார், அடுத்த வாரமே அவருக்கு வேற ஹிட் வரும். நண்பனோட நண்பன் ஒருத்தன் முதல் படம் பண்ணான், ரொம்ப யோசிச்சு பண்ணியிருந்தான், மூணு நாலு ரிவ்யூல "இரைச்சல்"னு வந்துச்சு, முதல்ல எழுதினவர் எழுதினதை மத்தவங்க அப்படியே எடுத்துப் போட்டது பாத்தாலே தெரியும். பேசி வெச்சிருந்த அடுத்த படத்துல "லவுடா போடுவாராமே"ன்னு சொல்லி வேற ஆளைப் போட்டுட்டாங்க. அதே படம் ஓடிடில வந்தப்போ "அட, மியூசிக் நல்லாதானே இருக்கு"ன்னு அதே ஆளுங்க எழுதினாங்க, எனக்கு வந்த கோவத்தை இங்க எழுத முடியாது. ஓடிடில ஏன் மாறுதுன்னா, அங்க பேலன்ஸுக்கு வேற கணக்கு, நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி தளங்கள் வசனத்தோட சராசரி அளவு -27 எல்கேஎஃப்எஸ் (சத்த அளவை அளக்குற ஒரு அலகு) பக்கம் இருக்கணும்னு கறாரா கேக்கும், அதுக்காகத் தனியா மிக்ஸைச் சரி பண்ணித்தான் குடுப்பாங்க.

அப்போ இசையமைப்பாளர் தப்பே பண்ண மாட்டாரான்னு கேட்டா, பண்ணுவார், தாராளமா பண்ணுவார். ரெண்டு பேர் மெதுவா பேசற சீன்ல மனுஷக் குரல் இருக்கற அதே ரேஞ்சுல எலக்ட்ரிக் கிட்டாரும் பித்தளை வாத்தியமும் கோரஸும் போட்டு அடைச்சு வெச்சா, மிக்ஸர் எவ்ளோ இறக்கினாலும் குரலோட மோதிட்டுத்தான் இருக்கும். அது இசையமைச்சதுல இருக்கற கோளாறு. கண்டுபிடிக்க ஒரு வழி, படத்தை ஹெட்ஃபோன்ல கம்மி சத்தத்துல பாருங்க, அப்பவும் வசனத்துக்கு இடம் குடுக்காம நச்சுன்னு நின்னா தாராளமா இசையமைப்பாளரைக் கேளுங்க. தியேட்டர்ல வெடி சத்தம், கதவு சாத்தற சத்தம், செருப்பு சத்தம் உட்பட எல்லாமே அலறினா மிக்ஸைக் கேளுங்க. அந்த ஒரு தியேட்டர்ல மட்டும் பிரச்சினைன்னா தியேட்டர் பேரைப் போட்டு அவங்களைக் கேளுங்க, அதை மட்டும் எவனும் பண்ண மாட்டான்.

ஃபோன்ல எடுத்த தியேட்டர் க்ளிப்பைக் கேட்டு கருத்து சொல்றது

சொல்லாதீங்க. க்ளிப்பும் எடுக்காதீங்க.

பாட்டு போட்டவர்தான் பிஜிஎம்மும் போட்டார்னு நெனைக்கறது

டைட்டில் கார்டு ஓடும்போது பாப்கார்னைத் தேடிட்டு இருந்தா இப்படித்தான் ஆகும். 2022 ராதே ஷ்யாம்ல பாட்டு ஜஸ்டின் பிரபாகரன், தெலுங்கு தமிழ்ப் பதிப்புகளுக்கு பின்னணி இசை தமன். 2024 டிசம்பர்ல புஷ்பா 2 வந்தப்போ பாட்டு தேவி ஸ்ரீ பிரசாத், கூடுதல் பின்னணி இசைன்னு சாம் சி.எஸ். பேரும் கார்டுல இருந்துச்சு, ஆனா ஜாத்ரா சீனைப் பாத்துட்டு எழுதின நூறு போஸ்ட்ல அவர் பேரைத் தேடினா சிலதுலதான் கெடைக்கும். தேசிய விருதுலயே 2009 படங்கள்லருந்து பாட்டுக்குத் தனி, பின்னணி இசைக்குத் தனின்னு பிரிச்சுட்டாங்க, அந்த வருஷம் பின்னணி இசைக்கான விருதைப் பழசிராஜாவுக்காக இளையராஜா வாங்கினார். 68ஆவது விருதுல பாட்டுக்கு தமன், அல வைகுண்டபுரமுலோ. பின்னணிக்கு ஜி.வி. பிரகாஷ், சூரரைப் போற்று. அரசாங்கமே பிரிச்சுப் பாக்குது, நாம பாக்கக் கூடாதா.

பழைய பாட்டுக்கு விழுந்த கைதட்டலைப் புதுப் படத்து கணக்குல எழுதுறது

மஞ்சும்மல் பாய்ஸ்ல குழிக்குள்ளருந்து அந்தப் பையனை மேல தூக்கறப்போ குணா பாட்டு வந்ததும் தியேட்டரே எழுந்துச்சு, 1991 பாட்டு அது, வேலையைக் கச்சிதமா செஞ்சுது, டைரக்டரோட ஐடியாவுக்கு ஒரு சல்யூட். ஆனா அதுக்கு முன்னாடி குகைக்குள்ள அந்த இருட்டையும் ஈரத்தையும் நம்ம மேல ஏத்தி வெச்சது சுஷின் ஷ்யாம் போட்ட இசை, அது இல்லைன்னா அந்தப் பாட்டு வந்தப்போ அப்படி ஒரு மூச்சு வந்திருக்காது. லப்பர் பந்துலயும் இதே கதைதான், கெத்துங்கற கதாபாத்திரம் மட்டையைத் தூக்கிட்டு வந்தா 'நீ பொட்டு வச்ச' ஒலிக்கும், எல்லாரும் அதையே எழுதினாங்க, 1989 பொன்மனச் செல்வன் பாட்டு. மீதிப் படத்தைத் தோள்ல தூக்கின ஷான் ரோல்டனுக்கு ஒரு வரி கூட இல்ல. நாஸ்டால்ஜியா ஈஸியா க்ளிக் ஆகும், அதைத் தள்ளி வெச்சுட்டு மீதி எப்படி இருந்துச்சுன்னு பாக்குறதுதான் எழுதுறவன் வேலை.

புல்லரிச்சுதுன்னு மட்டும் எழுதுறது

எந்த சீன்ல, எந்த வாத்தியம் நுழைஞ்சப்போ?

ரெண்டு ஸ்வரம் ஒத்துப்போனா காப்பின்னு கத்துறது

எடிட்டிங் நடக்கும்போது ஒரிஜினல் மியூசிக் வந்திருக்காது, அதனால வேற ஏதாவது படத்து மியூசிக்கை டெம்ப் ட்ராக்கா ஒட்டி வெச்சு எடிட் பண்ணுவாங்க. மாசக்கணக்கா அதையே கேட்டுப் பழகின டைரக்டர் "இதே ஃபீல் வேணும்"னு நிப்பார். அந்த நெருக்கடியில வர்றதுதான் பாதி 'ஒத்துப்போற' சமாச்சாரம். நிஜமாவே சுட்டதும் உண்டு, அதைச் சொல்றதுன்னா மெட்டா, தாளமா, வாத்தியச் சேர்க்கையா, எது ஒண்ணா இருக்குன்னு சொல்லுங்க. "வைப் ஒண்ணா இருக்கு"ங்கறது குற்றப்பத்திரிகை இல்ல.

மியூசிக் இல்லாத இடத்தை ஓட்டைன்னு நெனைக்கறது

கொட்டுக்காளி 2024-ல வந்தப்போ "பிஜிஎம்மே இல்ல, டாக்குமென்டரி பாத்த மாதிரி இருக்கு"ன்னு எத்தனை பேர். அந்தப் படத்துக்கு இசையமைப்பாளரே கிடையாது, வேணும்னே எடுத்த முடிவு. ஆட்டோ இன்ஜின் உறுமலும், கட்டி வெச்ச சேவலும், தொண்டை கட்டின சூரியோட கரகரப்பும் சேர்ந்து பண்ற வேலையை ஒரு வயலின் கூட்டம் வந்து கெடுத்திருக்கும். கதாநாயகியா வர்ற அந்தப் பொண்ணு கிட்டத்தட்ட படம் பூரா வாயே திறக்காது, அவ என்ன நெனைக்கிறான்னு சொல்லிக் குடுக்க ஒரு மியூசிக்கும் வராது, நாமதான் அந்த முகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கணும். வழக்கமான படத்துலயும் இதைக் கவனிக்கலாம். ஒரு சீன்ல மியூசிக் எப்போ ஆரம்பிச்சுது, எப்போ நின்னுச்சு, அது மட்டும். அடி விழுறதுக்கு முன்னாடி நிறுத்தினாங்களா, விழுந்தப்புறம் ஆரம்பிச்சாங்களா, அதைக் கவனிச்சு எழுதினாலே உங்க போஸ்ட் மத்த போஸ்ட்லருந்து தனியா தெரியும்.

ராஜாவா ரஹ்மானா அனிருத்தா

வேண்டாம்பா. வேலை இருக்கு.