கணவன் மனைவி இருவருமாக ஒரு மின்னணுத் துள்ளல் பாட்டு: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் நானும் என் கணவரும் பாட்டு செய்யத் தொடங்கியபோது எங்களிடம் இருந்தவை ஒரு கைப்பேசி, ஒயர் வைத்த இயர்போன், ஒலிகளைப் பதிவுசெய்து பாட்டாக அடுக்க உதவும், இலவசமாகக் கிடைக்கும் பேண்ட்லேப் செயலி ஆகியவை மட்டுமே. உங்களுக்கும் அவை போதும். புளூடூத் இயர்போன் மட்டும் வேண்டாம். அதில் ஒலி சற்றுத் தாமதமாகக் காதுக்கு வருவதால், எவ்வளவு சரியாகப் பாடினாலும் பதிவு தாளத்துக்குப் பின்தங்கிவிடும்.

முதலில் வேகத்தை நிமிடத்துக்கு 120 தட்டு என வையுங்கள். ஒரு தட்டு அரை விநாடி, நான்கு தட்டு சேர்ந்த சுற்று 2 விநாடி, எட்டுச் சுற்று 16 விநாடி. இந்த 16 விநாடியைச் செம்மையாகச் செய்து, லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப, ஓடவிட்டு, அதன்மேல் அடுக்கிக்கொண்டே போகலாம்.

அடுத்தது தாளம். அதைச் செயலியிலிருந்து எடுக்காமல் வீட்டிலிருந்தே எடுங்கள். வில்லுப்பாட்டுக் குடத்தின் ஒலி கேட்டு வளர்ந்த நமக்கு, மண்பானையின் வாயை உள்ளங்கையால் அடித்தால் வரும் 'தும்' புதிதல்ல. அதை ஒவ்வொரு தட்டிலும், இருவரும் சேர்ந்து கைதட்டியதை இரண்டாம், நான்காம் தட்டுகளிலும் வையுங்கள். மணியோசைக்கு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டலாம். கல்தூணிலிருந்தே சுரம் எடுத்த நெல்லையப்பர் கோயில் இருக்கும் ஊரில் இது பெரிய காரியமில்லை. தண்ணீர் கூடக்கூடச் சுருதி இறங்கும் என்பதால், ஒருவர் தட்டிக்கொண்டிருக்க மற்றவர் சிறிது சிறிதாக ஊற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மெட்டுக்கு, செயலியில் உள்ள சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) சதுர அலை (square wave) ஒலியைத் தேர்ந்தெடுங்கள். பழைய வீடியோ விளையாட்டுகளின் குறும்பு அதில் அப்படியே இருக்கும். அதன் கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஷட்ஜமாக ('ச') கொண்டு, கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகன ராகம் வந்துவிடும்.

இனிக் குரல். நாங்கள் முதலில் இருவரும் முழுப்பாட்டையும் சேர்ந்தே பாடியதால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு, அவர் என்னைக் கூப்பிடும் 'ஏளா'வைத் தனியாக வெட்டி, ஏழு அரைச்சுரம் (கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்து ஏழு கட்டை) உயர்த்தி முதல் சுற்றில் வைத்தோம். அது சிறுபிள்ளைக் குரலாகிவிட்டது. இரண்டாம் சுற்றில் என் 'என்ன அத்தான்' மட்டும். ஒருவர் பாடும்போது மற்றவர் விட்டுக்கொடுக்கும் அந்த இடைவெளியில்தான் துள்ளல் பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

குரல்களில் 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள அடியொலியைக் குறைத்துவிடுங்கள். அந்த இடம் பானைக்குரியது. ஒருவர் குரலைச் சற்று இடப்புறமும் மற்றவர் குரலைச் சற்று வலப்புறமும் நகர்த்துங்கள்.

கடைசியாக இயர்போனைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே கேளுங்கள். அதில் பானையின் அடியொலி ஏறக்குறைய மறைந்துவிடும்; ஒவ்வொரு 'தும்'மின் மேலும் ஒரு விரல்சொடுக்கை வைத்தால் தட்டு மீண்டும் தெளிவாகக் கேட்கும். எங்கள் பாட்டில் அந்தச் சொடுக்கு என்னுடையது.