வைடா, நார்மலா: மீடியம் ஃபார்மேட் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீடியம் ஃபார்மேட் என்பது 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய, 120 என்ற ரோலில் படம் எடுக்கும் வகை. ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், தனி ஜன்னலில் இரண்டாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் அமைப்பு. வைடு லென்ஸ் அதிக அகலத்தைப் பிடிக்கும், நார்மல் ஏறக்குறைய கண்ணுக்குத் தோன்றும் அளவில் காட்டும். காவேரிப்பட்டினத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வருடம் இந்த வகையில் பழைய ஃபுஜி ஜிஎஸ்டபிள்யூ 690 ஒன்று வாங்கினார். லென்ஸ் மாற்ற முடியாத கேமரா அது, 65 மி.மீ. வைடு லென்ஸ் உடம்போடு சேர்ந்தே வரும். அவருக்கு எடுக்க ஆசை மாங்காய் மண்டியில் வேலை செய்பவர்களின் முகங்களை. நாலு ரோல் எடுத்துக் கழுவி வந்தபோது எல்லாப் படத்திலும் ஆள் நடுவில் சின்னதாக நிற்க, சுற்றிலும் கூடையும் தகரக் கூரையும் லாரிச் சக்கரமுமாக இருந்தது. 6×9 அளவில் (ஃபிலிமில் படம் விழும் அளவு, ஏறக்குறைய செ.மீ. கணக்கில்) ஒரு 120 ரோலுக்கு 8 படம்தான், ஆக 32 படம் போயிற்று. கேமராவில் ஒரு குறையும் இல்லை. அதே வரிசையில் 90 மி.மீ. நார்மல் லென்ஸோடு ஜிடபிள்யூ 690 என்று ஒன்று இருக்கிறது, அவருக்கு வேண்டியது அதுதான்.

குழப்பம் பெரும்பாலும் எண்ணில் தொடங்குகிறது. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 50 என்றால் நார்மல் என்று பழகிய கண், இங்கேயும் 50-ஐத் தேடுகிறது. 6×7 படம் எடுக்கும், லென்ஸ் மாற்றக்கூடிய மமியா 7 கேமராவில் 50 போட்டால் கிடைப்பது நல்ல அகலமான வைடு. அதில் நார்மல் 80. மமியா 6 சதுரப் படம் எடுப்பது, அதற்கு 75. இன்னும் தெளிவாகப் புரிய 65 மி.மீ. என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 6×4.5 படம் எடுக்கும் ப்ரானிகா ஆர்எஃப்645-இல் 65 நார்மல், 35 மி.மீ. கணக்கில் (அதாவது 35 மி.மீ. கேமராவில் அதே காட்சியைத் தரும் லென்ஸ்) ஏறக்குறைய 40. மமியா 7-இல் அதே 65 லேசான வைடு, ஏறக்குறைய 32. ஜிஎஸ்டபிள்யூ 690-இல் அது 28, முழு வைடு. ஃபிலிமில் படம் விழும் அளவு தெரியாமல் லென்ஸின் எண்ணை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள்.

அடுத்தது, இயற்கைக் காட்சி என்றால் வைடுதான் என்ற நம்பிக்கை. நம் பக்கத்து நிலத்தில் இது ரொம்பவே ஏமாற்றும். ராயக்கோட்டை மலையைச் சாலையிலிருந்து பார்க்கும்போது அது நம் மேல் சாய்ந்து நிற்பது போல இருக்கும், ஆனால் வைடு லென்ஸில் எடுத்தால் கரையான் புற்று அளவுக்குச் சுருங்கி, முன்னால் கரண்டு கம்பியும் காலி நிலமும்தான் படத்தை நிறைக்கும். கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்புக்கும் இதே கதிதான். தூரத்தில் இருப்பதை மனதில் பட்ட அளவுக்குக் காட்ட நார்மல் வேண்டும், சில சமயம் 150-ம் வேண்டியிருக்கும். வைடு எங்கே வேலை செய்யும் என்றால், பக்கத்தில் ஒரு பொருள் இருந்து, பின்னால் நிலமும் விரிந்து கிடக்கும் இடத்தில். மல்லசந்திரம் பாறை மேல் இருக்கும் கல்திட்டைகள் (பலகைக்கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள்) அப்படிப்பட்டவை. ஒரு கல்திட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றால் அதன் பலகைக்கல்லும், பின்னால் இருக்கும் மற்றவையும், வானமும் ஒன்றாக வரும். ஒகேனக்கல்லில் பரிசல் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போதும் வைடுதான், அங்கே பின்னால் நகர இடமே கிடையாது. (பரிசலில் கூட இருப்பவர்களை மட்டும் அதில் எடுக்காதீர்கள், ஓரத்தில் இருக்கும் முகம் பக்கவாட்டில் இழுபட்டுவிடும்.)

ஆனால் வைடு போட்டால் முன்னும் பின்னும் எல்லாம் தானாகவே கூர்மையாக வரும் என்று நினைத்துவிடக் கூடாது. மொபைலில் எடுத்துப் பழகியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 65 மி.மீ. லென்ஸ் எந்தக் கேமராவில் இருந்தாலும் 65 மி.மீ.தான். லென்ஸின் திறப்பை எஃப் 16-க்குச் சுருக்கி (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும்), ஏறக்குறைய 5.3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், கூர்மை சுமார் 2.6 மீட்டரிலிருந்து அடிவானம் வரை கிடைக்கும், அவ்வளவுதான். எஃப் 11 என்றால் 3.8 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். காலடியில் கிடக்கும் கல்லும் கூர்மையாக வேண்டுமென்றால் மமியா 7-இன் 43-க்குத்தான் போக வேண்டும். அது எஃப் 11-லேயே 1.7 மீட்டரிலிருந்து பிடித்துவிடும். இன்னொன்று, மமியா 7-இல் 43-ம் சரி 80-ம் சரி, 1 மீட்டருக்குக் குறைவாக ஃபோகஸ் ஆகாது. வைடு வாங்கினால் பூவுக்கு அருகில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த வகைக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. லென்ஸை மாற்றினாலும் அந்தக் காட்சி மாறாது, உள்ளே தெரியும் கோட்டுச் சட்டம் மட்டும் மாறும். மமியா 7-இல் 80 போட்டிருக்கும்போது சட்டத்துக்கு வெளியேயும் உலகம் தெரிவதால், அதையும் சேர்த்துப் படம் அமைத்துவிட்டு, பிறகு தலை வெட்டுப்பட்டது, கோபுரக் கலசம் காணோம் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அதன் 43-க்கும் 50-க்கும் கேமராவுக்குள் சட்டமே இல்லை, மேலே தனி வியூஃபைண்டர் மாட்ட வேண்டும். உள்ளே பார்த்து ஃபோகஸ், மேலே பார்த்து சட்டம் என்று ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எருது விடும் விழா மாதிரி ஓட்டத்தில் அதற்கு நேரம் இருக்காது. பழைய லென்ஸ் வாங்கும்போது அந்த மேல் ஃபைண்டரும் கூட வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தனியாகத் தேடினால் அதற்கே நல்ல விலை.

வெளிச்சக் கணக்கு எல்லோரும் நினைப்பது போல நேராக இல்லை. ஜிடபிள்யூ 690-இன் நார்மல் எஃப் 3.5 வரை திறக்கும், ஜிஎஸ்டபிள்யூ 690-இன் வைடுக்கு எஃப் 5.6-தான், ஒரு ஸ்டாப்புக்கும் (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) கொஞ்சம் அதிகமான இழப்பு. ஆனால் வைடைக் கையில் பிடித்து இன்னும் ஒரு படி மெதுவான ஷட்டரில் எடுக்கலாம், எஸ்எல்ஆர் கேமராவில் போல உள்ளே கண்ணாடி துள்ளும் அதிர்ச்சியும் இந்தக் கேமராக்களில் இல்லை. அதனால் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபக் கூரை ஓவியம் போல அசையாத விஷயத்துக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். அதே மண்டபத்தில் நடந்து வரும் ஆளை எடுக்க நார்மல்தான்.

மமியா 7-க்கு 65, 80 இரண்டையும் சேர்த்து வாங்குவதை நான் தவறு என்றே சொல்வேன். 10 மீட்டர் தூரத்தில் 80 பிடிக்கும் அகலம் 8.7 மீட்டர், 65 பிடிப்பது 10.7. மூன்று எட்டு பின்னால் போனால் தீர்கிற வித்தியாசம். 65-இல் எடுத்து 80 அளவுக்கு வெட்டினாலும், மிச்சம் இருப்பது 35 மி.மீ. ஃபிலிமைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பு. அதே நேரம், எல்லாவற்றையும் 43-இல் எடுத்து வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் 35 மி.மீ. படத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக மிஞ்சும், அதற்கு இவ்வளவு பெரிய கேமராவைச் சுமக்க வேண்டியதில்லை. ஒரே லென்ஸ் என்றால் 65, இரண்டு என்றால் 43-ம் 80-ம்.

பழைய கேமராவைச் சோதிக்கும்போது வைடு லென்ஸை மாட்டித் தூரத்து மலையை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், வைடு பிழையை மறைத்துவிடும். நார்மலை முழுசாகத் திறந்து, 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் ஒரு காலண்டர் தாளையாவது எடுத்துப் பாருங்கள்.

சரி, எது வேண்டும் என்று காசு கொடுக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கெட்டி அட்டையில் 11.2 செ.மீ. உயரம், 13.9 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை வெட்டுங்கள், இது 6×7 படத்தின் இரண்டு மடங்கு. ஒரு நூலைக் கட்டி, அட்டையிலிருந்து 16 செ.மீ.யில் ஒரு முடிச்சு, 13-இல் ஒன்று, 8.6-இல் ஒன்று. முடிச்சைக் கண்ணோரம் வைத்து ஒரு கண்ணால் பார்த்தால் 80, 65, 43 மூன்றும் பிடிக்கும் காட்சி அப்படியே தெரியும். 6×9 கேமரா என்றால் ஓட்டையின் அகலம் 16.8, முடிச்சு 18-இலும் 13-இலும். ஒரு வாரம் இதை எடுத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் சந்தைக்கும் ஏரிக்கரைக்கும் போங்கள், எங்கே நிற்கிறீர்கள், எந்த முடிச்சுக்குக் கை தானாகப் போகிறது என்று கவனியுங்கள். நான் சொன்ன நண்பர் அட்டையோடு திரும்ப மண்டிக்குப் போனார். ஆட்களிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளியே நின்று பேசுவது அவர் சுபாவம், அந்தத் தூரத்தில் நூல் 18-ஐ விட்டு நகரவே இல்லை. இப்போது ஜிடபிள்யூ 690 தேடிக்கொண்டிருக்கிறார். வைடை விற்கவில்லை, ஆற்றில் தண்ணீர் வரும்போது ஒகேனக்கல்லுக்கு எடுத்துப்போக வைத்திருக்கிறார்.