சிறு குழந்தை உள்ள வீட்டுக்குக் கூரை திறக்கும் கார்: தெரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கார் வாங்குவது பற்றிய பேச்சு மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. கூரையைத் திறந்து ஓடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் மீது நெடுநாள் ஆசை வைத்திருந்து, அது கைகூடும் வேளையில் மடியில் ஒரு குழந்தையும் வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசையில் பிழையில்லை. காரை முதலில் தீர்மானித்துவிட்டு, குழந்தையின் இருக்கையைப் பிறகு எப்படியாவது அதற்குள் பொருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பிழை. ஏனைய தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

மஸ்டா எம்.எக்ஸ். 5, டைஹாட்சு கோப்பன், ஹொண்டா எஸ் 660 போன்றவை இரண்டு இருக்கைக் கார்கள். அவற்றில் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே இடம் சாரதிக்குப் பக்கத்து முன்னிருக்கை. ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 129இன்படி தயாரிக்கப்படும் குழந்தை இருக்கைகளில், 15 மாதம் நிறையும் வரை பிள்ளையைப் பின்னோக்கியே, அதாவது முகம் காரின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கும்படியே, இருத்த வேண்டும்; மோதலின்போது கழுத்தில் விழும் விசையின் பெரும்பகுதியை இருக்கையின் முதுகுப்பகுதி தாங்கிக்கொள்வதற்கே அந்த ஏற்பாடு. ஆனால் முன்னிருக்கையில் அப்படி வைத்தால், அந்த முதுகுப்பகுதி டாஷ்போர்டுக்கு மிக அருகில் போய் நிற்கும். மோதல் நேர்ந்தால் எயார்பாக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரிந்து, குழந்தையின் தலை இருக்கும் இடத்திலேயே அறையும். பெரியவர்கள் சிராய்ப்போடு எழுந்து வரக்கூடிய விபத்துக்கூடக் குழந்தையின் உயிரைப் பறித்துவிடலாம். பயணியின் பக்கத்து எயார்பாக்கை நிறுத்துவதற்குத் தயாரிப்பாளரே வைத்த சுவிட்ச் இல்லாத இரண்டு இருக்கைக் காரில், பின்னோக்கிய குழந்தை இருக்கைக்கு இடமே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகள் அடுத்தடுத்து வரும். ஒன்று, அதே பெயரில் ஐரோப்பாவில் விற்கப்படும் காரின் கைநூலை இணையத்தில் படித்துவிட்டு, ஜப்பானிலிருந்து இறக்கப்படும் காரிலும் அந்தச் சுவிட்சும், குழந்தை இருக்கையைக் காரின் உடலோடு நேரே பூட்டும் ஐசோபிக்ஸ் கொளுக்கிகளும் இருக்கும் என்று நம்புவது. சந்தைக்குச் சந்தை உபகரணங்கள் மாறும். வாங்கப்போகும் அந்தக் காரிலேயே, சுவிட்சைக் கண்ணால் கண்டும், கொளுக்கிகளை இருக்கையின் மடிப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தும்தான் உறுதிசெய்ய வேண்டும். மற்றது, சுவிட்ச் இல்லையென்றால் கராஜில் கொடுத்து எயார்பாக்கின் வயரைக் கழற்றிவிடலாம் என்ற யோசனை. வயரைக் கழற்றினால் வேறு எவையெல்லாம் சேர்ந்து செயலிழக்கும் என்பது கழற்றுபவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதே இருக்கையில் மறுநாள் அமரும் மனைவிக்கோ தாய்க்கோ எயார்பாக் இல்லாமற் போவதும் நிச்சயம்.

நான்கு இருக்கை கொண்ட மினி, பி.எம்.டபிள்யூ, ஆவுடி வகைகளை எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்பது அடுத்த எண்ணம். பாதி தீரும். பின்னோக்கிய இருக்கையைப் பின்னால் பூட்டியதும் அதற்கு முன்னுள்ள இருக்கையை முன்னே தள்ள வேண்டி வரும். நெட்டையானவர் அதில் முழங்கால் மடக்கி இருக்க முடியுமா என்பதை அப்போதுதான் அறியலாம். ஆகவே குழந்தையின் இருக்கையை முதலில் வாங்கி, அதையும் தூக்கிக்கொண்டு கார் பார்க்கப் போவதே சரி. விற்பவர் கூரையைத் திறந்து காட்டுவார், மூடச் சொல்லுங்கள். மூடிய கூரையின் கீழ், இரண்டே கதவுள்ள காரில், முன்னிருக்கையைச் சரித்துவிட்டு, நித்திரையாகிவிட்ட பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி குனிந்து, இடுப்பைத் திருப்பி உள்ளே வைத்து, வார்ப்பூட்டைச் செருகி, தலையை இடிக்காமல் வெளியே வர முடிகிறதா என்று ஒரு தடவை செய்து பாருங்கள். மழைக்காலத்தில் அன்றாடம் செய்யப்போவது அதைத்தான்.

கூரை திறந்திருக்கும்போது உள்ளே சுழன்றடிக்கும் காற்றைக் குறைக்கும் காற்றுத் தடுப்பு வலையைப் பற்றி விற்பவர் பெருமையாகச் சொல்லுவார். நான்கு இருக்கைக் கார்கள் பலவற்றில் அந்த வலை பின்னிருக்கைகளின் மேலேயே விரிக்கப்படுகிறது. அதை மாட்டினால் பின்னால் எவரும் இருக்க முடியாது. கூரை திறந்த காரில் காற்றின் அடி கூடுதலாக விழுவதும் பின்னிருக்கையில்தான். மாங்குளத்திலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் அந்த இரைச்சலையும் முன்னால் போகும் மணல் டிப்பரின் தூசியையும் பிள்ளை வாங்கிக்கொண்டே வர, முன்னால் இருப்பவர்களுக்கு அதன் அழுகைகூடக் கேட்காது. வெயிலைச் சொல்லவே வேண்டியதில்லை: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. நிறுத்திவைத்த திறந்த காரில் வார்ப்பூட்டின் உலோகம் கொதித்திருக்கும். பிள்ளையை இருத்துமுன் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வன்னியில் கூரையைத் திறக்கும் நேரம் காலையும் மாலையும் மட்டுமே என்று கணக்கிட்டு, மீதி நேரத்துக்குக் குளிரூட்டி நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

டிக்கியின் அளவையும் கூரையைத் திறந்துவைத்தே பார்க்க வேண்டும். கோப்பன் போன்றவற்றின் மடிந்து இறங்கும் கடினக் கூரை டிக்கிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. துணிக் கூரையுடைய இன்றைய எம்.எக்ஸ். 5இல் சுமார் 130 லீற்றர் இடம் உண்டு. தள்ளுவண்டியை உள்ளே விட்டால் உடுப்புப் பைக்கு வழியில்லை.

வீதியைப் பொறுத்தவரை, ஏ9 மட்டும் வீதியல்ல. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பாதையில் கிரவலும் மாரியில் வெட்டுண்ட குளக்கட்டும் இருக்குமானால், தாழ்ந்த காரின் அடிப்பாகம் தட்டும். எம்.எக்ஸ். 5இன் புதிய வகைகளில் மேலதிகச் சில்லு இல்லை. ஓட்டையை அடைக்கும் திரவமும் பம்பும் மட்டுமே உண்டு. பக்கவாட்டில் கிழிந்த டயரை அது ஒன்றும் செய்யாது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுவழியில் மாலை மங்கும் நேரத்தில், குழந்தையோடு, யானை வரக்கூடிய இடத்தில் நிற்க எவரும் விரும்பமாட்டார்கள். புளியமரத்தின் கீழ் நிறுத்தும் பழக்கத்தையும் விட வேண்டும்: அந்தச் சிற்றிலைகள் கூரையின் ஓரத்திலுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிட, மழைநீர் உள்ளே இறங்கிக் கம்பளம் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். அந்த மணத்தைச் சுவாசிப்பது பிள்ளை.

பழைய காரென்றால் இன்னொரு பரிசோதனை உண்டு. சாவியைத் திருப்பியதும் எயார்பாக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு, எரியவே இல்லையென்றால், விபத்தில் வெடித்ததை மாற்றாமல் விளக்கை மட்டும் கழற்றியிருக்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு வேனோ நான்கு கதவுக் காரோ நிற்குமானால், இரண்டு இருக்கைக் காரையே வாங்கி, பிள்ளை வளரும் வரை அதில் ஏற்றுவதில்லை என்று வீட்டாரோடு பேசி முடிவெடுப்பது, என் பார்வையில், நான்கு இருக்கை என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட மேல்.