ஒரே மென்பொருள், நான்கு லினக்ஸ்: பொதி மேலாளர்களை ஒப்பிட்டுப் பழகும் முறை

உபுண்டுவில் பழகியவர் ஃபெடோராவுக்கோ ஆர்ச்சுக்கோ மாறும்போது முதலில் தேடுவது, இங்குள்ள கட்டளைக்கு அங்கே இணையான கட்டளை எது என்ற பட்டியலைத்தான். முதல் நாளுக்கு அது போதும். ஆனால் வெளியில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கட்டளைகள் உள்ளே வெவ்வேறு முடிவுகளை எடுக்கின்றன. அந்த வேறுபாடு தெரியாத வரையில் கட்டளைகளை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எனவே ஒரே மென்பொருளை எடுத்துக்கொண்டு, அதை வெவ்வேறு லினக்ஸ் வழங்கல்களில் நிறுவி, ஒவ்வொன்றிலும் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவியான பொதி மேலாளர் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

தமிழ் நூல்களின் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கப் பலரும் பயன்படுத்தும் டெசராக்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிறுவுவதற்காகக் கட்டித் தரப்படும் கோப்புத் தொகுப்பே பொதி. இதில் நிரல் ஒரு பொதி, தமிழுக்கான தரவு தனிப் பொதி. அந்தத் தரவுப் பொதியின் பெயர் டெபியனிலும் உபுண்டுவிலும் 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்', ஃபெடோராவில் 'டெசராக்ட்-லேங்பேக்-டாம்', ஆர்ச்சில் 'டெசராக்ட்-டேட்டா-டாம்'. பெயரை ஊகித்துத் தட்டச்சு செய்வதைவிடத் தேடிப் பார்ப்பதே நல்லது. டெபியனில் 'ஆப்ட் சர்ச்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப் சர்ச்', ஓப்பன்சூசேயில் 'ஜிப்பர் சர்ச்', ஆர்ச்சில் 'பேக்மேன் -எஸ்எஸ்' ஆகியவை அந்த வேலையைச் செய்யும். பேக்மேனில் முதல் எஸ் பெரிய எழுத்து, இரண்டாவது சிறிய எழுத்து. அங்கே பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பொருள் வேறு. இனி வரும் பேக்மேன் கட்டளைகளிலும் முதல் எழுத்து பெரியது, மற்றவை சிறியவை.

பழகிப் பார்க்க நான்கு கணினிகள் தேவையில்லை. கணினிக்குள் தனித்து இயங்கும் கொள்கலன்களை உருவாக்கும் பாட்மேன் அல்லது டாக்கர் இருந்தால், 'பாட்மேன் ரன் -ஐடி டெபியன் பாஷ்' என்ற ஒரு வரி டெபியனைக் கொள்கலனில் திறந்து தரும். டெபியன் என்ற இடத்தில் ஃபெடோரா என்றோ ஆர்ச்லினக்ஸ் என்றோ மாற்றினால் அவை திறக்கும். உள்ளே நாம் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே இருப்பதால், அந்த அதிகாரத்தைக் கேட்டுப் பெறும் சூடோ கட்டளை தேவைப்படாது. எதைக் கெடுத்தாலும் கொள்கலனை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

டெபியன் கொள்கலனைத் திறந்த உடனே 'ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்று இட்டுப் பாருங்கள். அந்தப் பெயரில் பொதியே இல்லை என்று பதில் வரும். பொதி, வழங்கலின் இணையக் களஞ்சியத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லும் பட்டியல்தான் இந்தக் கொள்கலனில் இன்னும் இல்லை. 'ஆப்ட் அப்டேட்' என்று இட்டுப் பட்டியலைக் கொண்டுவந்த பிறகு அதே கட்டளை வேலை செய்யும். ஆப்டில் அப்டேட் என்பது பட்டியலை மட்டும் புதுப்பிக்கிறது. மென்பொருளைப் புதுப்பிப்பது 'ஆப்ட் அப்கிரேட்'. ஃபெடோராவில் இந்த இரண்டு படிகள் இல்லை: டிஎன்எஃப் தன் பட்டியல் காலாவதியாகியிருந்தால் தானாகவே புதியதைக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்கும்.

ஆர்ச்சில்தான் மிகுந்த கவனம் தேவை. 'பேக்மேன் -எஸ்ஒய்' பட்டியலை மட்டும் புதுப்பிக்கும் என்பதால், ஆப்ட் பழக்கத்தில் வந்தவர் அதை இட்டுவிட்டு ஒரே ஒரு பொதியை நிறுவிக்கொள்வது இயல்பு. ஆனால் ஆர்ச் தொடர்ந்து நகரும் வழங்கல், அதாவது அதன் பொதிகள் எப்போதும் புதிதாகிக்கொண்டே இருக்கும். புதிய பட்டியலில் உள்ள பொதி, பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு நிரல் நூலகத்தின் புதிய பதிப்பையும் உடன் இழுத்து வரலாம். கணினியில் ஏற்கெனவே உள்ள மற்ற நிரல்களோ அந்த நூலகத்தின் பழைய பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டவை. அடுத்த முறை அவற்றைத் திறக்கும்போது, பகிர்வு நூலகத்தை ஏற்ற முடியவில்லை என்ற பிழை வரும், சில வேளை பேக்மேனுக்கே. இவ்வாறு பாதி மட்டும் புதுப்பிப்பதை ஆர்ச் ஆதரிப்பதில்லை. ஆகவே அங்கே 'பேக்மேன் -எஸ்ஒய்யு' என்று முழுக் கணினியையும் புதுப்பித்து, அதே வரியின் இறுதியில் வேண்டிய பொதியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்ததாக, நீங்கள் கேட்ட ஒரு பொதியோடு எத்தனை பொதிகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பொதி இயங்கத் தேவைப்படும் பிற பொதிகளான கட்டாயச் சார்புகள் எங்கும் வந்தே தீரும். கட்டாயமில்லாத, ஆனால் இருந்தால் நல்லது என்று பொதி தயாரித்தவர் கருதும் சார்புகளில்தான் கொள்கை மாறுகிறது. ஆப்ட் பரிந்துரைக்கப்பட்ட பொதிகளையும் இயல்பாகவே நிறுவிவிடும். வேண்டாமென்றால் 'நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். டிஎன்எஃப்பும் பரிந்துரைகளை ஏற்றுக்கொள்ளும். பேக்மேன் அவற்றைத் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். நிறுவுவதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு. உபுண்டுவில் இயங்கும் ஒரு வசதி ஆர்ச்சில் இயங்கவில்லை என்றால், பெரும்பாலும் நிறுவும்போது ஓடி மறைந்த அந்தச் சில வரிகளில்தான் விடை இருக்கும். அவசரப்படாமல் அவற்றைப் படியுங்கள்.

நீக்கும்போதும் இதே கதைதான். 'ஆப்ட் ரிமூவ்' நிரலை நீக்கும், அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். அவையும் போக வேண்டுமென்றால் 'ஆப்ட் பர்ஜ்'. உடன் வந்த சார்புகளை நீக்கத் தனியாக 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' இட வேண்டும். டிஎன்எஃப் வேறு யாருக்கும் தேவைப்படாத சார்புகளையும் சேர்த்தே நீக்குவதால், உறுதிப்படுத்தும் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அது காட்டும் பட்டியலை முழுவதும் பார்ப்பது அவசியம். பேக்மேனில் '-ஆர்' கேட்டதை மட்டும் நீக்கும், '-ஆர்எஸ்' சார்புகளையும் நீக்கும்.

ஒரு கோப்பு எந்தப் பொதியிலிருந்து வந்தது என்று அறிய வேண்டியிருந்தால் கீழ் அடுக்குக்கு இறங்க வேண்டும். ஆப்ட், டிஎன்எஃப், ஜிப்பர் ஆகியவை களஞ்சியத்தோடு பேசிச் சார்புகளைத் தீர்க்கும் மேல் அடுக்கு. பொதியை வட்டில் பிரித்து வைத்துக் கணக்கு வைப்பவை டெபியனில் டிபிகேஜியும் மற்ற இரண்டில் ஆர்பிஎம்மும். கோப்பின் பாதையைக் கொடுத்து 'டிபிகேஜி -எஸ்' (எஸ் பெரிய எழுத்து) அல்லது 'ஆர்பிஎம் -க்யூஎஃப்' என்று கேட்டால் உரிய பொதியைச் சொல்லும். பேக்மேன் இரண்டு அடுக்கையும் தானே பார்த்துக்கொள்வதால் அங்கே 'பேக்மேன் -க்யூஓ'.

பதிப்பு எண்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. டெபியனின் நிலையான வெளியீடு பதிப்பைப் பெரும்பாலும் உறையவைத்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அந்தப் பழைய பதிப்புக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே எண் பழையது என்பதாலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். 'ஆப்ட் சேஞ்ச்லாக்' இட்டு அந்தப் பொதியின் மாற்றக் குறிப்பைப் படித்துப் பாருங்கள்.

புதுப்பித்த பிறகு ஏதேனும் உடைந்தால் திரும்பிப் போகும் வழியை உடைவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்டுக் காட்டும்; அந்த எண்ணைக் கொடுத்து 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ' இடலாம், ஆனால் பழைய பதிப்பு களஞ்சியத்தில் இன்னும் இருந்தால்தான் அது நடக்கும். ஆர்ச்சில் இறக்கிய பொதிகள் நீங்கள் துடைக்கும்வரை பேக்மேனின் தற்காலிகச் சேமிப்பில் இருப்பதால், பழைய கோப்பைச் சுட்டி 'பேக்மேன் -யு' இட்டு மீட்கலாம். இடம் போதவில்லை என்று அந்தச் சேமிப்பை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். டெபியனில் எது எப்போது மாறியது என்பதை ஆப்டின் பதிவுக் கோப்பில் பார்த்து, பொதியின் பெயரோடு சமக்குறியிட்டுப் பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்து நிறுவலாம், ஆனால் அந்தப் பதிப்பு களஞ்சியத்தில் இன்னும் இருந்தால்தான். இவற்றுள் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஓப்பன்சூசேயின் முறை: கணினியின் முதன்மையான வேர்க் கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்ற வகையாக இருந்தால், ஜிப்பர் மாற்றம் செய்யும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி கணினியின் அப்போதைய நிலையை ஒரு நிலைப்பதிவாக எடுத்து வைக்கிறது. கணினி தொடங்கும் பட்டியலிலேயே பழைய நிலைப்பதிவைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்து, எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, 'ஸ்னாப்பர் ரோல்பேக்' இட்டு அதையே நிலையாக்கிக்கொள்ளலாம். இதைக் கொள்கலனில் செய்து பார்க்க முடியாது. ஒரு மெய்நிகர் கணினியில் ஓப்பன்சூசேயை நிறுவி, வேண்டுமென்றே ஒரு பொதியை நீக்கிவிட்டு மீட்டுப் பாருங்கள்.